குறட்டை விடும் தலையணை

"மூணாவதே இருக்கட்டும்மா. நல்லா இருக்கு" என்றார் தலையணைக் கடைக்காரர்.

டிசைனருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்றாவது படம் ஜெயிப்பதற்காக வரைந்தது அல்ல. தோற்பதற்கென்றே வரைந்தது.

லோகோ போடும் தொழிலில் இது ஒரு வழக்கம். ஒரு படத்தைக் காட்டினால் குறை சொல்வார்கள், இரண்டைக் காட்டினால் குழம்புவார்கள். அதனால் மூன்று காட்ட வேண்டும். ஒன்று அருமையாக, ஒன்று சுமாராக, ஒன்று கண்ணைக் குத்துகிற மாதிரி. கண்ணைக் குத்துவதை ஒதுக்கித் தள்ளிய திருப்தியில் மனிதர்கள் அருமையானதைத் தொட்டுவிடுவார்கள். அவள் முன்பு வேலை பார்த்த ஆபீசில் ஏழு வருடமாக இந்தத் தந்திரம் ஒரு தடவைகூடப் பொய்த்ததில்லை.

அருமையான படத்துக்கு ஐந்து வாரம் உழைத்திருந்தாள். ஒரே ஒரு கோடு, அதுவே வளைந்து தலையணையாகும். பக்கத்தில் கடையின் பெயர், ஒவ்வொரு எழுத்துக்கும் மூச்சுவிட இடம் கொடுத்து. மூன்றாவதுக்கு ஆனது பத்து நிமிடம். சோபாவில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்த கணவனைப் பார்த்தாள், அந்த முகத்தை அப்படியே ஒரு தலையணைக்கு வைத்தாள். உடம்பு தக்காளிச் சிவப்பு. எழுத்து கிளிப்பச்சை, குண்டு குண்டாக, ஆளுக்கொரு பக்கம் சாய்ந்துகொண்டு. அவ்வளவுதான்.

விளையாட்டுக்கு இது நேரமில்லை. சொந்தமாகத் தொழில் தொடங்கிய பிறகு அவளுக்குக் கிடைத்த முதல் வேலை இது. ராஜினாமா கடிதத்தை நீட்டியபோது பழைய மேனேஜர் சிரித்துக்கொண்டே, "ஆறே மாசம். உன் நாற்காலியை யாருக்கும் தர மாட்டேன். வந்து உட்கார்ந்துக்கோ" என்று சொல்லியிருந்தார். ஐந்து மாதம் ஓடிவிட்டது. இந்த லோகோ நன்றாக அமைந்தால் அதைக் காட்டி நாலு பேரிடம் வேலை கேட்கலாம். இல்லையென்றால் அந்த நாற்காலிதான் கதி. திரும்பும்போதெல்லாம் கிரீச்சென்று கத்தும் நாற்காலி அது. அதற்கு அவள் திரும்பிப் போக மாட்டாள், போகவே மாட்டாள்.

"இன்னும் கொஞ்சம் மெருகேத்திக் கொண்டு வரேன் சார்" என்று சொல்லி மூன்றையும் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

கோளாறு எங்கே என்று வீட்டில் உட்கார்ந்து யோசித்தாள். மூன்றாவது போதிய அளவு கேவலமாக இல்லை, அதுதான் கோளாறு. தலையணைக்கு மீசை வைத்தாள். குறட்டைக்கு மூன்று வளையம் போட்டாள். அதுவும் போதாதென்று உதட்டோரம் ஒரு சொட்டு எச்சில் வைத்தாள். முதல் படத்தைப் பற்றி இன்னும் விரிவாகப் பேசவும் தயார் செய்துகொண்டாள்.

அடுத்த வாரம் போனபோது கடைக்காரர் ஒரு வாடிக்கையாளருடன் இருந்தார். கடைக்காரரைப் பார்த்தால் ஐம்பதைத் தாண்டியவர் என்று சொல்ல முடியாது. தலைக்கு மை, இஸ்திரி கலையாத சட்டை, பத்தடிக்கு செண்ட் வாசனை. கல்லாவில் அவருடைய அக்கா. மேல்தட்டுத் தலையணை ஒன்றைப் பற்றி அவர் கால் மணி நேரம் பேசினார். வாங்க வந்த அம்மாள் முகம் கொடுக்கவில்லை. கடைசியில் கீழ்த்தட்டிலிருந்து ஒன்றை எடுத்து, ஒரு வார்த்தை பேசாமல் அந்த அம்மாள் கையில் வைத்தார். அவர் ஒரு அமுக்கு அமுக்கிப் பார்த்து அதையே வாங்கிக்கொண்டு போனார். பாவம், இவ்வளவு பேசியும் இவருக்கு வியாபாரம் பண்ணத் தெரியவில்லையே என்று டிசைனர் இரக்கப்பட்டாள்.

பிறகு, அவருக்குத் தெரியாததைத் தான் செய்துகாட்டுகிற மாதிரி, முதல் படத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினாள். வெற்றிடத்தின் அமைதி, கோட்டின் தூக்கம், எழுத்துருவின் பரம்பரை, எதையும் விடவில்லை. இரண்டாவதுக்கு ஐந்து நிமிடம். மூன்றாவதைச் சத்தமில்லாமல் மேசையில் வைத்தாள், அதைப் பற்றிப் பேசவே நாக்கூசியது.

பேசி முடிக்கும்வரை அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூன்றாவதைக் கையில் எடுத்துத் தலைகீழாகப் பிடித்தார். படத்தின் எடை சரியாக நிற்கிறதா என்று பார்க்கக் கைதேர்ந்த ஓவியர்கள் அப்படித்தான் திருப்பிப் பார்ப்பார்கள். மனுஷன் லேசுப்பட்டவர் இல்லை என்று அவளுக்கு உதறல் எடுத்தது.

"போன தடவையைவிட இது இன்னும் நல்லா இருக்கும்மா" என்றார்.

மூன்றாம் முறை அவள் மூன்றாவதைக் காட்டுவதாகவே இல்லை. முதல் படத்தை வைத்தே கடைக்கு இணையதளம் முழுவதையும் கட்டி, டேப்லெட்டில் கொண்டுவந்து விரித்தாள். நாற்பது பக்க விளக்கம் வேறு. அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்து, "மூணாவது எங்கம்மா?" என்றார்.

வீட்டில் விட்டுவிட்டதாகச் சொன்னாள். பரவாயில்லை, போய் எடுத்துக்கொண்டு வரும்வரை காத்திருப்பதாகச் சொன்னார். அக்கா ஒரு நாற்காலியை வேறு எடுத்துப் போட்டார். இனி தப்ப வழியில்லை. கைப்பையின் அடியைத் துழாவி, நாலாக மடங்கிக் கிடந்த பழைய தாளை எடுத்து நீட்டினாள். தலையணையின் கன்னத்தில் காபி டம்ளர் வைத்த வட்டக் கறை.

அன்றே போர்டு வரைபவர் வந்தார். அந்த வட்டமும் வேணுமா என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி.

"அந்தம்மா குடுத்ததுல ஒரு புள்ளி மாறக் கூடாது" என்றார் கடைக்காரர்.

பத்தடி உயரத்தில், மீசையும் எச்சிலும் காபிக் கறையுமாக, தலையணை கடைவாசலில் குறட்டை விட ஆரம்பித்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தால்கூடக் குரங்காவது மிஞ்சும். எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று ஒரு தடவை பார்த்துவிட்டு, துப்பட்டாவால் முகத்தை மறைத்துக்கொண்டு நடந்தாள். கடை இணையதளத்தின் அடியில் தன் பெயர் வேண்டாம் என்று எடுத்தும் விட்டாள்.

மறுநாள் கணவன் வேலையிலிருந்து வந்ததும் கண்ணாடி முன்னால் போய் நின்றான்.

"கடைத்தெருவுல ஒரு தலையணை என்னை மாதிரியே இருக்கு."

"உலகத்துல ஒரே மாதிரி ஏழு பேர் இருப்பாங்கன்னு சொல்லுவாங்க."

"அதுல தலையணையும் சேர்த்தியா?"

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நாற்காலிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

நாலாம் நாள் ஒரு கல்லூரிப் பெண் அந்த போர்டையும், தூங்குகிற தன் அப்பாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "எங்க அப்பா எப்ப மாடல் ஆனாரு?" என்று இணையத்தில் படம் போட்டாள். அதே மீசை, அதே வாய். அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. ஊரில் இருக்கிற அப்பாக்கள், சித்தப்பாக்கள், மீட்டிங்கில் சொக்கி விழுந்த அதிகாரிகள், எல்லாரும் தலையணைக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்தார்கள். குடும்பக் குழுக்களில் "போய்த் தூங்கு" என்று எழுதுவதை விட்டுவிட்டு அந்தத் தலையணையை அனுப்பினார்கள். கடைவாசலில் வரிசை நின்றது. முகம் வைத்த தலையணைதான் வேண்டும் என்று கேட்டார்கள்.

டிசைனர் முதல் காரியமாகத் தன் பெயரை இணையதளத்தில் திரும்பப் போட்டாள், முன்பு இருந்ததைவிட இரண்டு மடங்கு பெரிதாக. பிறகு உட்கார்ந்து ஒரு நீண்ட பதிவு எழுதினாள். சாய்ந்த எழுத்துகள் கண் சொருகும் தருணத்தைக் குறிக்கின்றன. சிவப்பும் பச்சையும் பகலுக்கும் ஓய்வுக்கும் நடக்கும் இழுபறி. கன்னத்து வட்டம் உழைத்துக் களைத்தவனின் முத்திரை. எழுத எழுத அவளுக்கே அது உண்மை என்று பட்டது. பதினெட்டாயிரம் பேர் பகிர்ந்தார்கள்.

"இத்தனையும் அந்தப் பத்து நிமிஷத்துல யோசிச்சியா?" என்றான் கணவன். ஆனால் கோபமில்லை. பஸ்ஸில் இரண்டு பேர் அவனோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்களாம். மீசையைக்கூட ஒதுக்கிவிட்டுக்கொண்டு வந்திருந்தான்.

ஆறு மாதம் முடிகிற அன்று மேனேஜர் போன் செய்தார். ஆபீசில் எல்லோரையும் உட்கார வைக்கிறேன், அந்தத் தலையணையைப் பற்றி வந்து ஒரு மணி நேரம் பேச முடியுமா என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார்.

"வரேன் சார்" என்றாள். "அந்த நாற்காலியை வேற யாருக்காவது குடுத்துடுங்க."

போனை வைத்துவிட்டுக் கண்ணீர் வரச் சிரித்தாள். அதற்குள் நாலு பேர் என்ன, பதினோரு பேர் வேலையோடு காத்திருந்தார்கள்.

மறுநாள் பழக்கூடையோடு கடைக்குப் போனாள். கூட்டத்துக்கு நடுவில் கடைக்காரர் மிதந்துகொண்டிருந்தார். படித்தவர்களுக்கே புரியாதது உங்கள் கண்ணுக்கு எப்படித் தெரிந்தது சார், மூன்று தடவையும் அதையே எடுத்தீர்களே என்று மனம் விட்டுக் கேட்டாள். அவர் கூச்சத்தோடு சிரித்து, எல்லாம் அனுபவம்தான் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போனார்.

கல்லாவிலிருந்த அக்கா பழக்கூடையை வாங்கி வைத்தார்.

"அவன் எங்கம்மா படத்தைப் பார்த்தான்? கண்ணாடி இல்லாம அவனுக்கு எதிர்ல நிக்கிறது ஆளா தூணான்னே தெரியாது, போட்டா வயசு தெரிஞ்சிடும்னு போடவும் மாட்டான். முதல் ரெண்டுக்கும் நீங்க வாய் ஓயாம பேசினீங்க, மூணாவதுக்கு வாயே திறக்கலை. பேசாம கையில குடுக்கிறதுதான் நல்ல சரக்குன்னு எங்களுக்குத் தெரியாதா?"