பல்லச்சுப் பசைமீது நடத்தப்பட்ட பரிசோதனைகள்

பல்லின் அச்செடுக்கும் இறப்பர்ப் பசை எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று உலகப் பல்கலைக்கழகங்கள் ஆண்டுக்கணக்காக மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, 1997இல் திருகோணமலை இறங்குதுறைச் சோதனைச் சாவடி ஒன்று அதை ஒரே காலையில் தீர்த்துவைத்தது. இந்த விஞ்ஞானப் பெருமையில் பல் கட்டும் சோமசேகரத்துக்கும் பங்குண்டு. பசை அவருடையது.

சனிக்கிழமைகளில் அவர் லோஞ்சுப் படகேறி மூதூருக்குப் போய்ப் பல் கட்டுவார். அன்றைய முதல் நோயாளியான நபீஸா ரீச்சர், பட்டணத்தில் அலுவல் முடித்துவிட்டு மூதூர் திரும்ப அதே சாவடி வரிசையில் நின்றிருந்தார். பதுங்குகுழிக்கு ஓடுகையில் விழுந்து முன்பற்கள் நான்கை இழந்தவர்.

சோமசேகரத்தின் பையிலிருந்து இரண்டு தகரப் பேணிகள் வெளியே வந்தன.

"இது என்ன?" என்றார் தமிழ் தெரிந்த அதிகாரி.

"பல்லு அச்செடுக்கிற பசை, ஐயா. ரெண்டையும் குழைச்சா அஞ்சு நிமிசத்தில இறுகிடும்."

"இறுகி வெடிக்குமா?"

"இல்லை ஐயா. இறுகும். அவ்வளவுதான்."

அந்த "அவ்வளவுதான்" அதிகாரிக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. உடனே நால்வர் கொண்ட "நிபுணர் குழு" கூடியது. மாக் குழைத்த அனுபவம் கருதி முகாம் சமையற்காரர் தலைமை தாங்கினார்.

முதலில் இழுவைச் சோதனை. இறுகிய பட்டி ஒன்றை இரண்டு சிப்பாய்கள் இரு முனையிலும் பிடித்து இழுத்தார்கள். ஒருவர் மல்லாக்க விழுந்தார், பட்டி அறவில்லை. அடுத்தது துப்பாக்கிக் கத்தியால் கிழிவுச் சோதனை. கிழிந்தது. உறுதிப்படுத்துவதற்காகக் குழு இன்னும் மூன்று முறை குழைத்து, மூன்று முறை கிழித்தது. பேணிகளின் அடி தெரியத் தொடங்கியதும் சோமசேகரம் வரிசையை விட்டு முன்னே வந்தார். அடுத்த பேணிக்கு அனுமதி வர நான்கு மாதமாகும்.

"ஐயா, ஒரு வாய்க்காவது மிச்சம் வையுங்கோ."

"விஞ்ஞானத்தில் குறுக்கிட வேண்டாம்."

நபீஸா ரீச்சர் முக்காட்டு நுனியால் வாயை மறைத்தபடி முன்னே வந்தார். "நான் 'த' எண்டு சொன்னா காத்துத்தான் வருது, சேர். வகுப்பில புள்ளைகள் சிரிக்குதுகள்."

"அப்படியென்றால் 'த' இல்லாத பாடமாகப் படிப்பியுங்கள்" என்று அதிகாரி கனிவுடன் ஆலோசனை வழங்கினார்.

லோஞ்சு புறப்பட்டுப் போயிற்று. மிஞ்சியிருந்த பசையை உருட்டி, இறுகவிட்டு, அதன்மேல் ஜீப்பை ஏற்றினார்கள். முன்சில்லு, பிறகு பின்சில்லு. தட்டையாகிப்போன உருண்டை, ஜீப் இறங்கியதும் மெல்ல மெல்ல எழும்பித் திரும்பவும் உருண்டையாயிற்று. குழு குனிந்து அதை விரலால் அழுத்திப் பார்த்தது. இருபது வருடத் தொழிலில் முதல் தடவையாகச் சோமசேகரத்துக்குத் தன் பசைமேல் மரியாதை வந்தது.

அறிக்கை மூன்று பிரதிகளில் தயாரானது. அதிகாரி அதை அவருக்கு விளங்கும்படி தமிழிலேயே வாசித்துக்காட்டினார்:

"வெடிபொருள் அல்ல. நஞ்சும் அல்ல. ஆயினும், மேலே ஏறி நசுக்கிய பின்னும் பழைய உருவத்துக்கு மீள்கிறது. ஆகவே, இப்பகுதிப் பொதுமக்களிடம் இது இருப்பதை அனுமதிக்க முடியாது."