எலுமிச்சை இடப்பக்கம் சுற்றியது

அந்தக் கிழமை ஸ்காபரோத் தமிழ்க் கடைகளில் எலுமிச்சம்பழம் இல்லை. யாரும் ஊறுகாய் போடவில்லை. புளியமுனைக் கல்லூரிக்கும் கண்டற்குளக் கல்லூரிக்கும் உதைபந்தாட்டம், அவ்வளவுதான். இரண்டும் யாழ்ப்பாணத்தில் பக்கத்துப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடங்கள். பழைய மாணவர்கள் விமானம் ஏறியபோது எதை எதையோ விட்டுவிட்டு வந்தார்கள். பகையை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்தார்கள். ஒவ்வோர் ஒக்டோபரிலும் ரொறொன்ரோவில் அதை அவிழ்த்து வெயில் காட்டுவார்கள்.

இந்த முறை பகையோடு ஒரு சாமியும் சேர்ந்துகொண்டார். பெயர் பனிமலைச் சித்தர். அவர் ஏறிய ஒரே பனிமலை, யூனியன்வில் கடைகளின் கார் தரிப்பிடத்தில் இயந்திரம் வழித்துக் குவித்த பனிதான் என்று சொல்பவர்களின் நாக்கு அழுகிப்போகுமாம். சித்தரே சொன்னார். நூலில் கட்டிய எலுமிச்சம்பழத்தை ஆட்டக்காரரின் சட்டைக்கு மேலே பிடிப்பார். வலப்பக்கம் சுற்றினால் வெற்றி. இடப்பக்கம் சுற்றினால் சனி. நூலைப் பிடித்த விரல் எந்தப் பக்கம் அசைகிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை. எல்லாருடைய கண்ணும் பழத்தில்.

முதல் வரிசையில் நின்றவர் நவரட்ணம், புளியமுனைப் பழைய மாணவர் சங்கத் தலைவர். இந்த ஆட்டத்தைப் பற்றி அவரிடம் கருத்துகள் நிறைய உண்டு. கண்டற்குளத்தானுக்கு இடது கால் பெயருக்குத்தான் இருக்கிறது. புளியமுனைக் கிணற்றுத் தண்ணீர் குடித்தவன் களைக்கமாட்டான். போன வருடம் தோற்றதற்கு நடுவர் காரணம். அதற்கு முந்தின வருடம் காற்று. அதற்கும் முந்தின வருடம் அவருடைய மஞ்சள் சட்டையை மனைவி சந்திரவதனா தோய்த்துவிட்டாள். அன்றிலிருந்து அந்தச் சட்டை தண்ணீரைக் கண்டதில்லை. எதிரி நன்றாக விளையாடினான் என்ற கருத்து மட்டும் அவரிடம் எப்போதும் இருந்ததில்லை.

பழைய மாணவர்களின் முழங்கால்கள் ஓய்வு பெற்றுவிட்டதால் இப்போது பிள்ளைகள்தான் ஆடுகிறார்கள். இந்த வருடம் பெண் பிள்ளைகளையும் சேர்த்தார்கள். புளியமுனையின் கோல்கீப்பர் நவரட்ணத்தின் மகள் அட்சயா. தாதிப் படிப்புக்கும் பகுதிநேர வேலைக்கும் நடுவில் கோடை முழுவதும் பந்துக்குப் பாய்ந்து பாய்ந்து முழங்கை தோலுரிந்தவள்.

ஞாயிற்றுக்கிழமை நவரட்ணத்தின் வீட்டு நிலக்கீழ் பேஸ்மென்றில் சித்தர் சட்டைகளைப் பார்த்தார். பத்துச் சட்டைக்கு மேலே பழம் வலப்பக்கம் சுற்றியது. எட்டாம் இலக்கச் சட்டைக்கு மேலே வந்ததும் நின்றது. நடுங்கியது. இடப்பக்கம் சுற்றியது.

"இது ஆற்றை சட்டை?"

"என்ரை மகளின்ரை, சாமி," என்றார் நவரட்ணம்.

"பிள்ளை கோலுக்கை நிண்டால் தோல்வி. விட்டால் வெற்றி உங்களுக்குத்தான். இனி உங்கடை விருப்பம்."

விருப்பமாம்! தட்டில் காணிக்கை விழுந்தது. அட்சயாவின் பெயர் அணியிலிருந்து விழுந்தது.

"இட்ஸ் எ லெமன், அப்பா!" அவளுடைய குரல் உடைந்தது. "ஒரு பழம் சொன்னதுக்காக என்னை வெளியிலை இருத்திறீங்களா? நான் எப்பிடிக் கீப் பண்ணுறன் எண்டு நீங்கள் ஒரு நாளாவது வந்து பாத்தனீங்களா?"

பார்த்ததில்லை. அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் தோல்வியை நினைத்தார், கோலுக்கு வேறொரு பெடியனின் பெயரை எழுதினார்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லவேண்டும். ஆட்டக் கிழமையில் புளியமுனையாரும் கண்டற்குளத்தாரும் பேசிக்கொள்ளமாட்டார்கள். எதிரே கண்டால் நடைபாதை மாறுவார்கள். சந்திரவதனாவின் அண்ணன் பாலேந்திரா கண்டற்குளத்துத் தலைவர். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. ஆனாலும் அந்தக் கிழமை மச்சான்மார் இருவரும் அன்னியர். இந்தப் பேசா விரதம்தான் சித்தரின் வியாபார முதல். பழத்துக்குத்தான் செலவு.

சந்திரவதனா இந்த இரண்டு கல்லூரியிலும் சேராமல் வேறு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். அண்ணன் மட்டும் மாமா வீட்டில் நின்று கண்டற்குளத்தில் படித்தான். விரதம் அவளுக்குப் பொருந்தாது. மகள் அழுததைப் பார்த்ததும் தொலைபேசியை எடுத்தாள்.

"அண்ணா, உங்கடை சட்டையளுக்கு எலுமிச்சை எந்தப் பக்கம் சுத்தினது?"

"வலப்பக்கம். ஏன், உவர் உங்கையும் வந்தவரோ?"

சனிக்கிழமை பின்னேரம் சித்தர் கடைசிப் பூசைக்கு வந்தார். கொழுத்த குளிர் ஜக்கெற்றைப் படிக்கட்டடியில் கொளுவிவிட்டுக் காவியோடு இறங்கினார். ஞானம் முற்றினாலும் குளிர் குளிர்தான். பூசை தொடங்கியதும் படியில் காலடிச் சத்தம். பாலேந்திராவும் ஐந்தாறு கண்டற்குளத்தாரும்!

"மச்சான், ஆட்டக் கிழமையிலை என்ன இது?" நவரட்ணம் எழுந்தார்.

"சண்டைக்கு வரேல்லை. சாமி எங்களுக்குத்தான் வெற்றி எண்டவர். உங்களுக்கு என்னவாம்?"

எல்லாக் கண்களும் பழத்தை விட்டு முகத்துக்கு வந்தன. சித்தர் சிரித்தார். "ஒருத்தருக்குக் கோலிலை வெற்றி. மற்றவைக்கு மனசிலை வெற்றி."

நாலு பேர் தலையாட்டினார்கள். ஆம், அதற்கும் ஆட்கள் இருந்தார்கள்!

அட்சயா இரண்டு கறுப்புக் குப்பைப் பைகளைக் கொண்டுவந்து வைத்தாள். வாய் கட்டியிருந்தது. "சாமி, ஒவ்வொரு பையிலையும் ஒரு ஆள் போடுற உடுப்பு இருக்கு. ஆராலை நல்லது, ஆராலை கெடுதி எண்டு எலுமிச்சையைச் சொல்லச் சொல்லுங்கோ."

"சந்தேகம் இருக்கிற இடத்திலை பழம் பேசாது, பிள்ளை."

"எங்கடை வீட்டிலை அந்தக் கதை கதைச்சது," என்றார் பாலேந்திரா. "இஞ்சை ஏன் வாய் அடைச்சிருக்கு?"

வேறு வழியில்லை. சித்தர் மெல்லிய பைக்கு மேலே பழத்தைப் பிடித்தார். வலப்பக்கம் சுற்றியது. "லட்சுமி கடாட்சம்! இந்த ஆள் நிண்டால் அந்தப் பக்கம் வெற்றி." பிறகு பருத்த பை. கோல்கீப்பர் பெட்டையின் பஞ்சு வைத்த உடுப்பு இதுதான் என்று அவர் எண்ணியிருக்கவேண்டும். பழம் இடப்பக்கம் விசிறியது. "சனி! மகா சனி! இந்த ஆளை வாசற்படி ஏத்தாதேங்கோ. பக்கத்திலை நிக்கிறவனும் நாசமாப் போவான்."

அட்சயா மெல்லிய பையை அவிழ்த்தாள். எட்டாம் இலக்கச் சட்டை. ஞாயிற்றுக்கிழமை தோல்வி என்று பழம் சொன்ன அதே சட்டை.

பருத்த பையை நவரட்ணமே அவிழ்த்தார். உள்ளே குளிர் ஜக்கெற். அதன் பொக்கெற்றுக்குள் கார்ச் சாவி கிலுங்கியது.

"உது... உது என்ரையெல்லோ!" என்றார் சித்தர், யோசிக்காமல்.

முதலில் சிரித்தது பாலேந்திரா. பிறகு பேஸ்மென்றே சிரித்தது. நவரட்ணம் சிரிக்கவில்லை. வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. ஜக்கெற்றைச் சித்தரின் தோளில் போட்டார். "சாமி, உங்கடை பழம் இண்டைக்குத்தான் உண்மை சொன்னது. வாசற்படி ஏத்தாதேங்கோ எண்டது. வெளிக்கிடுங்கோ." காணிக்கைத் தட்டைச் சந்திரவதனா முதலே எடுத்து உள்ளே வைத்துவிட்டாள்.

அடுத்த நாள் எட்டாம் இலக்கச் சட்டை கோலுக்குள் நின்றது. அட்சயா ஒரு பெனால்ற்றியைப் பாய்ந்து பிடித்தாள். நவரட்ணம் தோய்த்து மடித்த மஞ்சள் சட்டையில் தொண்டை கிழியக் கத்தினார். புளியமுனை ஒன்றுக்கு இரண்டாகத் தோற்றது. வென்ற கோலை அடித்தவன் பாலேந்திராவின் மகன். அதுவும் இடது காலால்.

"என்ன மச்சான், இந்த முறை ஆர் காரணம்? காத்தோ?" என்று பாலேந்திரா சீண்டினார்.

நவரட்ணம் மகளின் சேறு படிந்த கையுறையைப் பார்த்தார். "உங்கடை பெடியன் நல்லா அடிச்சவன். என்ரை பிள்ளை நல்லாப் பிடிச்சவள். அவ்வளவுதான்." சொல்லிவிட்டு, இதைச் சொல்ல இவ்வளவு காலம் ஏன் எடுத்தது என்று தானே வியந்தார்.

கார் தரிப்பிடத்தில் சங்கச் செயலாளர் காதோடு காதாகச் சொன்னார். "அண்ணை, ஒஷாவாவிலை தேங்காய் உருட்டிப் பாக்கிற ஒருத்தர் வந்திருக்கிறாராம். உவரைப் போலை இல்லை, உண்மையான ஆளாம்."

"நல்லது," என்றார் நவரட்ணம். "முதல் அவரின்ரை ஜக்கெற்றைக் கொண்டுவா. பிறகு போவம்."

எலுமிச்சையைத் தலைக்கு மேலே எவன் வேண்டுமானாலும் சுற்றுவான். தலைக்குள் இருக்கிற மூளையைச் சுற்றவைக்கிற வேலை மட்டும் உங்களுடையது. அதற்குக் காணிக்கையும் இல்லை.