நாலு எலுமிச்சம்பழமும் ஒரு சர்வதேசப் போட்டியும்

ஒரு சர்வதேச விளையாட்டுப் போட்டியை ஒன்றே முக்கால் மணி நேரம் நிறுத்திவைத்த ஆள் நான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. (கொஞ்சம் பெருமையும் உண்டு. எங்கள் பரமக்குடிப் பக்கம் வேறு யாரும் அப்படி நிறுத்தியதாகத் தெரியவில்லை.) அது பெண்கள் ஐஸ் ஹாக்கிப் போட்டி. நடந்த இடம் அபுதாபி. வெளியே நாற்பத்தைந்து டிகிரி வெயில், உள்ளே நான் இரண்டு ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் போட்டுக்கொண்டு நின்ற காலம்.

நான் எப்படி ஐஸ் பக்கம் ஒதுங்கினேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அபுதாபியை ஒட்டிய முசஃபாவில் ஒரு கராஜில் தண்ணீர் டேங்கர், டிப்பர் லாரி எல்லாம் பார்க்கும் மெக்கானிக்காக ஐந்து வருஷம் வெந்துகொண்டிருந்தேன். ஒருநாள் ஸ்கேட்டிங் அரங்கத்தின் பழைய ஐஸ் வண்டி ரிப்பேருக்கு வந்தது. ஐஸ் வண்டி என்றால் ஐஸ்கிரீம் விற்கும் வண்டி இல்லை. (என் ரூமில் இருந்த ஏழு பேரும் கடைசிவரை அப்படித்தான் நம்பினார்கள். "எங்களுக்கு ஒரு கோன் கொண்டாரக் கூடாதாடா?" என்று தினமும் கேட்பார்கள்.) ஸ்கேட்டிங் ஆடி ஆடித் தரை கீறிப்போகும் அல்லவா? இந்த வண்டி அடியில் இருக்கும் பிளேடால் மேல் ஐஸை மெல்லிசாகச் சீவிக்கொண்டே, மேலே உள்ள டாங்கியிலிருந்து சுடுதண்ணீரைத் துணி வழியாகப் பூசிக்கொண்டு போகும். அது உறைந்ததும் தரை கண்ணாடி மாதிரி ஆகிவிடும்.

பழைய வண்டியை நான் சரிசெய்து கொடுத்த லட்சணத்தைப் பார்த்து, அரங்கத்துக்காரர்கள் என்னையே டிரைவராக எடுத்துக்கொண்டார்கள். ஆறு மாதம் சோதனைக் காலம். அது நல்லபடியாக முடிந்தால் வேலை நிரந்தரம், ஃபேமிலி விசாவும் உண்டு. என் மனைவி தனமும் நாலு வயது மகள் யாழினியும் ஊரில் இருந்தார்கள். யாழினிக்கு அப்பா என்றால் செல்போன். வீட்டுக்கு யார் வந்தாலும் போனைக் காட்டி, "இதுதான் எங்கப்பா" என்பாளாம். தனம் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த விசாவுக்காக நான் எதையும் செய்யத் தயாராக இருந்தேன். செய்ததுதான் வினையாகப் போயிற்று.

என் மேலதிகாரி எரிக். வருஷத்தில் பாதி நாள் பனி கொட்டும் ஏதோ வடக்கு நாட்டுக்காரர். ஒரு நாளைக்கு நாலு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். ஐஸைக் குனிந்து பார்ப்பார், விரலால் தொடுவார், போய்விடுவார். ஐந்து மாதத்தில் என்னிடம் இரண்டு முறை "குட்" சொல்லியிருந்தார். இரண்டையும் தனத்துக்கு அன்றன்றைக்கே போன் போட்டுச் சொல்லிவிட்டேன்.

ஆறாவது மாதம் போட்டி வந்தது. உலகப் போட்டி என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். பெண்கள் ஐஸ் ஹாக்கி ஏணியில் அது கடைசிப் படி. வந்த அணிகளில் பாதி, பனியைப் படத்தில் மட்டுமே பார்த்த நாடுகளிலிருந்து வந்தவை. ஆடுகிறவர்களில் ஒருத்தி டீச்சர், ஒருத்தி நர்ஸ், ஒருத்தி பேங்க் கேஷியர். எல்லோரும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, தங்கள் உயரத்துக்கு இருக்கும் பைகளைத் தாங்களே இழுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். இதற்கா லீவைச் செலவழிப்பார்கள் என்று எனக்கு ஆச்சரியம். கூடவே மரியாதையும் வந்தது. லீவின் அருமை வளைகுடாவில் இருப்பவனுக்குத் தெரியாதா?

போட்டிக்கென்றே புது ஐஸ் வண்டி ஒன்று வாங்கியிருந்தார்கள். எரிக் தானே ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, முதல் நாள் முதல் ஆட்டத்துக்கு முன்னால் அதை எடுக்க வேண்டியவன் நான் என்று சொல்லிவிட்டார். முந்தைய நாள் தனத்திடம் சொன்னேன்.

"புது வண்டியா? பூசை போட்டாச்சாங்க?"

"எரிக் சார் ஒரு வாரமா ஓட்டிக்கிட்டுத்தானே இருக்காரு."

"பூசை போடாம ஓட்டுனா அது ஓட்டுனதாவே சேராது. அத்தன பேரு பாக்கப்போறாக. கண்ணு பட்டா என்ன ஆவுறது? ஒரு பொட்டாச்சும் வச்சு எடுங்க."

நியாயமாகத்தான் பட்டது. எங்கள் ஊரில் பழைய மொபெட் வாங்கினால்கூடச் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்காமல் தெருவில் இறக்கமாட்டார்கள். இது விமானம் விலையில் ஒரு வண்டி. குங்குமம் கைவசம் இருந்தது. ஊர்க் கோயில் குங்குமத்தைத் தனம் ஒரு பெரிய பொட்டலமாக, லீவில் போய் வந்த ஆளிடம் கொடுத்துவிட்டிருந்தாள். எலுமிச்சம்பழத்துக்கு சாகுல் பாய் கடைக்குப் போனேன். கீழக்கரைக்காரர். என் ரூமுக்குக் கீழேதான் அவர் மளிகைக் கடை.

"ஆறு பழம் எதுக்கு ராசு? வயிறு சரியில்லயா?"

விஷயத்தைச் சொன்னேன். தாடியைத் தடவிக்கொண்டார்.

"வைக்கிறத வையி. ஆனா உள்ள எதையும் கொளுத்திப்புடாத. மேலேருந்து தண்ணி பீச்சிரும். கூட்டத்தோட குளிச்சிட்டுத்தான் வருவ."

நல்ல புத்திமதி. கற்பூரத்தை அப்போதே விட்டுவிட்டேன். பூசணிக்காய் உடைக்கலாமா என்றுகூட ஒரு யோசனை இருந்தது. ஐஸ் கெட்டுவிடும் என்று அதையும் நானே கைவிட்டேன். (ஐஸ் மேல் எனக்கு அவ்வளவு அக்கறை.)

மறுநாள் வீராங்கனைகள் பயிற்சி ஓட்டத்தை முடித்து வெளியேறியதும், ஐஸைப் புதுப்பிக்க எனக்குக் கால் மணி நேரம். எரிக் மேலே விருந்தினர்களோடு இருந்தார். வண்டி நிற்கும் அறையில் நான் மட்டும். டாங்கியில் சுடுதண்ணீரை நிரப்பினேன். நெற்றிபோல் இருந்த முன்பக்கத்தில் பொட்டு வைத்தேன். டாங்கி மேல் ஏறி அங்கும் மூன்று விரலால் இழுத்தேன். அப்புறம் ஒரு கை குங்குமத்தை அள்ளிக்கொண்டு கீழே இறங்கி, நாலு பழத்தை அறுத்துக் குங்குமம் தடவி நாலு சக்கரத்துக்கும் வைத்தேன். ஐந்தாவதை ஸ்டியரிங் பக்கத்தில் வைத்தேன். ஆறாவது பாக்கெட்டில். கண்ணை மூடி, தனத்தையும் யாழினியையும் நினைத்துக்கொண்டு வண்டியை நகர்த்தினேன். நாலு பழமும் நசுங்கின. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. எனக்கு மெய் சிலிர்த்துவிட்டது.

அந்தக் குலுக்கலில் நடந்த இன்னொரு காரியம் எனக்குத் தெரியாது. டாங்கி மூடியை நான் சாத்தவில்லை. குங்குமப் பொட்டலத்தை அதன் வாயோரத்திலேயே வைத்துவிட்டு இறங்கியிருந்தேன்.

கதவு திறந்தது. கூட்டம் கை தட்டியது. நிமிர்ந்து உட்கார்ந்து வெளிச் சுற்றை எடுத்தேன். அந்த வண்டியில் டிரைவர் பின்னால் உட்கார வேண்டும். தண்ணீர் பூசுவது அவனுக்கும் பின்னால். ஆகவே நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்தது. ஜனங்கள் எழுந்து நின்றார்கள். போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். நான் கையசைத்தேன். இரண்டாவது சுற்றில் பக்கத்து ஐஸ் ரோஸ் கலரில் தெரிந்தது. திறப்பு விழாவுக்குக் கலர் விளக்குப் போட்டிருக்கிறார்கள், பரவாயில்லை, ரசனையாகத்தான் செய்திருக்கிறார்கள் என்று மனசுக்குள் பாராட்டினேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பச்சைச் சட்டை அணியின் கோல்கீப்பர் மட்டையால் டொம் டொம் என்று தட்டினாள். உற்சாகப்படுத்துகிறாள் என்று அவளுக்கும் ஒரு தடவை கையசைத்தேன்.

ஒரு மூலை விடவில்லை. ஒழுங்காக, ஓரம் பிசகாமல், முழு அரங்கத்தையும் பூசி முடிக்கப்போகும் நேரத்தில் எரிக் ஐஸ் மேல் ஓடிவந்தார். தோல் ஷூவோடு. அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. பாதி தூரம் ஓடினார், மீதி தூரம் வழுக்கினார். வண்டியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார்.

"ராஜு. வாட் இஸ் திஸ்?"

திரும்பிப் பார்த்தேன். பெரிய விருந்துக்கு ரோஸ்மில்க்கைக் கொட்டி உறையவைத்தது மாதிரி கிடந்தது. நடுக்கோடு சிவப்பு, கோல் கோடு சிவப்பு, வட்டங்கள் சிவப்பு. இப்போது எதுவுமே தெரியவில்லை. என் வாயில் வந்த முதல் வார்த்தை இது:

"சேஃப்டி, சார்."

"சேஃப்டி?"

"யெஸ் சார். நியூ வண்டி, ஃபர்ஸ்ட் டைம். ஃபோர் வீல், ஃபோர் லெமன். நோ ஆக்சிடெண்ட்."

எரிக் அரங்கத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார்.

"நோ ஆக்சிடெண்ட்," என்றார் மெதுவாக.

அதற்கப்புறம் ஒன்றே முக்கால் மணி நேரம் சீவினோம். அவர் பழைய வண்டியில், நான் டாங்கியைக் காலி செய்துவிட்டுப் புது வண்டியில். சீவிய ரோஸ் கலர் ஐஸ்தூளைப் பின்பக்கம் பார்க்கிங்கில் மலையாகக் கொட்டினேன். அபுதாபி வெயிலில் அது ஆவி பறக்க உருகியது. துப்புரவு வேலைப் பெண்கள் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்தார்கள். பஸ் டிரைவர் ஒரு பட்டான்காரர் இறங்கி வந்து, "பாய், யே ஃபலூடா ஹை க்யா?" என்று கேட்டார்.

"மாஃபி ஃபலூடா, பாய். மேரா நௌக்ரி ஹை," என்றேன். ஃபலூடா இல்லை, உருகி ஓடிக்கொண்டிருந்தது என் வேலைதான். அவருக்கு என்ன புரிந்ததோ, தோளைத் தட்டிக்கொடுத்தார். அழுகை வந்துவிட்டது. விசா போச்சு, யாழினிக்கு இனிமேலும் அப்பா என்றால் போன்தான் என்று நினைத்துக்கொண்டே திரும்பி வந்து வண்டியில் ஏறினேன்.

ஒரு கோலுக்கு முன்னால் மட்டும் ஐஸ் மெல்லிசாகிவிட்டது. "கலாஸ்," என்று எரிக் கையைக் காட்டினார். (போதும் என்று அர்த்தம். அவருக்குத் தெரிந்த ஒரே அரபு வார்த்தை.) இன்னும் சீவினால் அடியில் இருக்கும் குளிர்க்குழாய் வந்துவிடும். கோடு தெரிகிறது, ஆடலாம் என்று நடுவரும் தலையாட்டினார். அங்கே ஒரு பாய் அகலத்துக்கு ரோஸ் நிறம் தங்கிவிட்டது.

ஆட்டம் மூன்று பகுதி. பகுதிக்கொரு முறை அணிகள் பக்கம் மாறும். பச்சைச் சட்டைக் கோல்கீப்பர் முதல் பகுதியும் மூன்றாவது பகுதியும் அந்த ரோஸ் திட்டின் மேல் நின்றாள். அவள் பெயர் லூசியா, சொந்த ஊரில் பல் டாக்டர். அவர்கள் அணி அதுவரை எந்த நாட்டையும் ஜெயித்ததே இல்லையாம். நான் வண்டி அறைக் கதவு இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளைப் பக்கம் நின்றபோது அவளுக்கு ஒரு கோல் விழுந்தது. ரோஸ் பக்கம் நின்ற இரண்டு பகுதியிலும் ஒன்றுகூட விழவில்லை. அவர்கள் இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தார்கள். அத்தனை பெண்களும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து அழுதார்கள். நானும் கதவுக்குப் பின்னால் அழுதேன். என் காரணம் வேறு.

ஆட்டம் முடிந்ததும் லூசியா என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். அந்தச் சிவப்பு என்ன என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விளக்கினேன். ரொம்ப சீரியஸாகக் கேட்டுவிட்டு, "இன்னொரு லெமன் இருக்கா?" என்றாள். பாக்கெட்டில் இருந்த ஆறாவது பழத்தைக் கொடுத்தேன். தன் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டாள். அடுத்த மூன்று ஆட்டத்திலும் அவர்கள் தோற்றுப்போனார்கள். (பழம் காய்ந்திருக்கும் என்று நினைக்கிறேன்.)

மறுநாள் காலை மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார்கள். மேஜை மேல் விபத்து அறிக்கை. 'காரணம்' என்ற கட்டத்தில் எரிக் தன் கையால் எழுதியிருந்தார்: 'எலுமிச்சம்பழம், 4.' மேனேஜர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு இந்த ஆளை ஏன் வைத்திருக்க வேண்டும் என்று என் எதிரிலேயே கேட்டார். எரிக் அன்றைக்குப் பேசியதுதான் அவர் வாழ்நாளிலேயே நீளமான பேச்சாக இருக்கும்.

"வேறு ஆளை எடுத்தால் அவன் என்ன செய்வான் என்று நமக்குத் தெரியாது. இவன் செய்து முடித்துவிட்டான். மேலும், அந்தப் பூச்சைப் பார்த்தீர்களா? ஓரம் எல்லாம் ஒரே சீர். கலர் இருந்ததால்தான் தெரிந்தது. குட்."

மூன்றாவது "குட்". அன்றைக்கு நான் எரிக்கின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அவருக்கு அது ரொம்பச் சங்கடமாகப் போய்விட்டது.

வேலை நிரந்தரமானது. கூடவே, வண்டி எடுப்பதற்கு முன் டிக் போட வேண்டிய பட்டியலில் பதினான்காவதாக ஒரு வரி சேர்ந்தது: 'இயந்திரத்தின் அருகில் எலுமிச்சம்பழம் இல்லை.' ஏழு வருஷமாகத் தினமும் நாலைந்து முறை அதற்கு நேரே டிக் போட்டுக் கையெழுத்துப் போடுகிறேன். புதிதாக வரும் பிலிப்பினோ, நேபாளப் பையன்கள் எல்லோரும் காரணம் தெரியாமலே போடுகிறார்கள். நான் சொல்வதில்லை.

வேலை நிரந்தரமான நாலாவது மாதம் தனமும் யாழினியும் வந்து இறங்கினார்கள். ஏர்போர்ட்டில் நான் முந்திக்கொண்டு, "எல்லாம் உன்னாலதான்," என்றேன். தனம் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "நான் பொட்டுத்தான் வைக்கச் சொன்னேன். ஊரு பூராப் பூசவா சொன்னேன்?" இன்றைக்கும் வீட்டில் நான் எதையாவது அளவுக்கு மீறிச் செய்தால், சாம்பாரில் உப்பாக இருந்தாலும் சரி, சுவருக்குப் பெயிண்டாக இருந்தாலும் சரி, அம்மாவும் மகளும் சேர்ந்து அந்த வரியைத்தான் சொல்வார்கள்.

யாழினிக்கு இப்போது பதினொரு வயது. அதே அரங்கத்தில் சிறுமிகள் அணிக்குக் கோல்கீப்பர். போன மாதம் அவளுக்கு முதல் மேட்ச். அவளுடைய பையைத் தூக்கியபோது கும்மென்று ஒரு வாசனை. திறந்து பார்த்தேன். கையுறைக்குள் ஒரு எலுமிச்சம்பழம், மேலே சின்னதாக ஒரு பொட்டு. அம்மா வேலை. எனக்கு வேர்த்துவிட்டது. நம்பர் பதினாலு இருக்கிறது, எரிக் பார்த்தால் என் கதி என்ன ஆவது என்று பதறினேன்.

யாழினி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே நிதானமாகச் சொன்னாள்:

"கூல் அப்பா. அந்த ரூல் மெஷினுக்குத்தான். கோல்கீப்பருக்கு இல்ல."