படுக்கையறையில் பத்து மூட்டை

இந்த வருஷம் தன் மக்காச்சோளத்தை எந்தத் திருடனும் தொடக் கூடாது என்று முன்யாவோ முடிவெடுத்தான். அவன் வாழ்க்கையில் எடுத்த பெரிய முடிவுகள் மொத்தம் மூன்று. முதல் முடிவில் ஒரு சைக்கிள் போயிற்று. இரண்டாவதில் ஒரு பல் போயிற்று. மூன்றாவது இது.

மூன்று வருஷமாகக் கென்யாவின் மக்குவேனிப் பக்கம் மழை கையை விரித்திருந்தது. மூன்று வருஷமும் மச்சினன் அனுப்பிய தானியத்தில்தான் வீடு ஓடியது. மச்சினன் நல்லவன். ஒரு வார்த்தை தப்பாகப் பேச மாட்டான். மூட்டையை இறக்கி வைத்துவிட்டு முன்யாவோவை ஒரு பார்வை பார்ப்பான், அவ்வளவுதான். அந்தப் பார்வையைத் தொட்டுக்கொண்டு எத்தனை நாள் சாப்பிடுவது? அவனுக்கு வெட்கமாக இருந்தது. சில நாள் செத்துவிடலாம் போலவும் இருந்தது.

நான்காம் வருஷம் பத்து மூட்டை விளைந்தது. கதிர் முற்றும் நேரம் பார்த்துப் பக்கத்துக் காட்டில் திருட்டுப் போயிற்று. வானத்தில் வேறு மேகம் கூடியது. முன்யாவோ பதறிவிட்டான். காய்ந்தும் காயாமலும் இருந்த கதிரை ஒடித்தான், உதிர்த்தான், பிளாஸ்டிக் சாக்கில் கட்டினான், படுக்கையறைக்குள் அடுக்கினான். சன்னலை அடைத்தான். கதவுக்குப் பூட்டு. சாவி கழுத்தில்.

அந்த அறையில் ஒன்று கட்டில் இருக்கலாம், இல்லை சோளம் இருக்கலாம். கட்டில் சமையல் குடிசைக்குப் போனது. கட்டிலோடு மனைவி சியோம்புவாவும் நாலு வயது மகள் கனினியும் போனார்கள். முன்யாவோ மட்டும் மூட்டைகளின் மேல் பாய் விரித்து, தலைமாட்டில் வெட்டுக்கத்தியை வைத்துக்கொண்டு படுத்தான்.

"என்னைக் கட்டிக்கிட்டு வந்த புதுசுலகூட இப்படிப் பக்கத்துலயே படுத்துக் காவல் காத்ததில்லையே நீங்க," என்றாள் சியோம்புவா.

"உன்னை யாரு திருடப் போறா?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். அன்றைக்கு அவன் தட்டில் மட்டும் உப்பு இல்லை.

மச்சினன் அனுப்பியதில் மிச்சமிருந்த தானியத்தில் ஒரு மாதம் போனது. மூட்டைகளுக்குள்ளிருந்து மெல்ல ஒரு சூடு கிளம்பியது. அந்த ஊர் ஜூன் மாதக் குளிருக்கு அது இதமாக இருக்கவே, மண்ணின் மகிமை என்று முன்யாவோ நினைத்துக்கொண்டான். பிறகு ஒரு வாடை வந்தது. அதற்கும் பழகிவிட்டான். ஒரு நாள் காலையில் சட்டையில்லாமல் முற்றத்தில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தபோது சியோம்புவா பின்னால் வந்து நின்றாள்.

"ஏங்க, முதுகுல என்ன பச்சையா இருக்கு?"

"எங்க?"

"முதுகு பூரா. மாவு மாதிரி."

அவள் விரலால் தொட்டு மோந்து பார்த்தாள். முகம் சுருங்கியது. "சோளம் பூத்துப் போச்சு, கனினி அப்பா."

"அது தூசி."

"தூசி பச்சையாவா இருக்கும்?"

"எங்க தாத்தா காலத்துல இருந்து எங்க வீட்டுத் தூசி பச்சைதான்."

அவள் வாயை அடைத்தாகிவிட்டது. தன் மனசை அடைக்க முடியவில்லை. அடி மூட்டையிலிருந்து ஒரு கை அள்ளிக் கோழிகளுக்குப் போட்டுப் பார்த்தான். அந்த வாரத்துக்குள் மூன்று கோழிகள் கழுத்தைத் தொங்கப்போட்டுச் செத்தன.

"வெயில் தாங்கலை," என்றான் முன்யாவோ.

"ஜூன் மாசத்துல ஏதுங்க வெயில்?"

"அப்போ குளிரு தாங்கலை."

அடுத்த வாரம் ஊர் நிர்வாகம் பார்க்கும் சீஃபின் ஆபீஸ் மரத்தடியில் ஊர்க்கூட்டம். நகரத்திலிருந்து வந்திருந்த அதிகாரி எந்தச் சுற்றி வளைப்பும் இல்லாமல் விஷயத்துக்கு வந்தார். பூஞ்சை பிடித்த சோளத்தில் நஞ்சு இருக்கிறது. வேகவைத்தாலும் போகாது, குத்திப் புடைத்தாலும் முழுதாகப் போகாது. ஈரலைத் தின்றுவிடும். கண் மஞ்சளாகும், வயிறு வீங்கும். மாட்டுக்குப் போட்டால் பாலில் வந்து பிள்ளை வாய்க்கே திரும்பும். மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரே வீட்டில் மூன்று பேர் போய்விட்டார்கள், அதில் இரண்டு குழந்தைகள். பூத்த சோளத்தைக் கொண்டு வந்து கொடுங்கள், மூட்டைக்கு மூட்டை நல்ல சோளம் தருகிறோம் என்றார்.

கூட்டம் கலைந்ததும் சியோம்புவா ஆரம்பித்தாள். வீடு வரும்வரை நிறுத்தவில்லை.

"குடுத்துடலாங்க."

"மாட்டேன்."

"மூட்டைக்கு மூட்டை தராங்களாம்."

"பஞ்ச நிவாரணத்துக்குக் குடுக்கற மஞ்சச் சோளத்தைத்தான் தருவான். பஞ்சத்துல பொறந்தவன்டீ நான், முன்யாவோன்னா பஞ்சம்னுதானே அர்த்தம். அந்த மஞ்சளைத் தின்னு வளந்த நாக்கு இது. அதை இன்னொரு தரம் என் வீட்டு அடுப்புல ஏத்த மாட்டேன்."

"கோழி செத்துச்சே, பாக்கலையா?"

"கோழிக்கு ஈரல் சின்னது."

"கனினிக்கு?"

பதில் இல்லாதபோது ஆண்கள் செய்வதை அவனும் செய்தான். குரலை உயர்த்தினான். "மூணு வருஷம் உங்கண்ணன் சோத்தைத் தின்னேன். இந்த வருஷம் என் பொண்டாட்டி புள்ளைக்கு என் நிலத்துச் சோறு. இந்த வீட்ல ஆம்பளை நான். முடிவு சொல்லியாச்சு."

சியோம்புவா முந்தானைத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். "சரிங்க," என்றாள்.

பதினோரு வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவள் இப்படிச் 'சரிங்க' சொன்னதே இல்லை. அங்கேயே அவன் உஷாராகியிருக்க வேண்டும். மனுஷன் பூரித்துப் போனான்.

மறுநாள் அவளே பேச்சை எடுத்தாள். "ஈரம் இருந்தாத்தானே பூஞ்சை? தினம் ரெண்டு மூட்டையா முத்தத்துல வெயில்ல காய வச்சுட்டா என்னன்னு நேத்து நீங்கதானே சொன்னீங்க?"

முன்யாவோவுக்கு அப்படிச் சொன்னதாக நினைவில்லை. ஆனால் சொல்லியிருக்கக்கூடிய ஆள்தான். "ஆமா, சொன்னேன்," என்றான்.

ஐந்து நாள் வேலை. காலையில் இரண்டு மூட்டையைத் தூக்கி வந்து தார்ப்பாயில் கொட்டுவான். கொட்டிய கையோடு சந்தைப் பக்கம் கிளம்பிவிடுவான். அங்கே கடையோரப் பெஞ்சில் அவன் சிநேகிதன் கிதோமே கட்டம் போட்ட பலகையோடு காத்திருப்பான். சோடா மூடிதான் காய். மனைவியைப் பறிகொடுத்து ஆறு வருஷம் ஆகிறது, பிள்ளையும் இல்லை. கிதோமேவுக்கு உலகத்தில் மிச்சம் இருந்தது அந்தப் பலகையும் முன்யாவோவும்தான். சாயங்காலம் முன்யாவோ திரும்பி வந்து சோளத்தை அள்ளி மோந்து பார்ப்பான். வாடை இல்லை. பச்சை இல்லை. வெள்ளை வெளேரென்று பல் வரிசை போல இருக்கும்.

"பாத்தியா, வெயிலு என்ன பண்ணுது," என்பான்.

"உங்க யோசனைன்னா யோசனைதாங்க," என்பாள்.

அதற்குப் பிறகு வீட்டில் தினமும் முதோகோய். சோளத்தை உரலில் குத்தித் தோலெடுத்து அவரையோடு வேகவைத்துத் தருவாள். முன்யாவோ தட்டை வழித்துச் சாப்பிட்டான். "இது என் மண்ணு ருசி. கவர்மென்டு சோளத்துல இது வருமா?" என்று கேட்பான். சியோம்புவா இன்னொரு கரண்டி போடுவாள்.

ருசி நாக்கோடு நிற்கவில்லை, வாய்க்கும் ஏறியது. கடைப் பெஞ்சில் அவன் பேச்சு நாளுக்கு நாள் நீண்டது. ஒரு நாள் கிதோமே வரவில்லை. தேடிப் போனால் வாசலில் நாலு மூட்டையைத் தைத்து வைத்துக்கொண்டு கழுதை வண்டிக்குக் காத்திருந்தான்.

"என்னடா இது?"

"கொண்டு போய்க் குடுத்துடறேன்டா. அடியில பூத்திருக்கு. பயமா இருக்கு."

"என்னைப் பாரு. என்னோடது உன்னோடதைவிட மோசம். முதுகெல்லாம் பச்சை. ரெண்டு வேளையும் அதைத்தான் திங்கறேன், எம்பொண்ணு திங்கறா. கண்ணைப் பாரு, மஞ்சளா இருக்கா?"

கிதோமே குனிந்து பார்த்தான். "இல்லை."

"வெயில்ல போடு, போதும். அந்த ஆபீசர் சொன்னான்னு விளைஞ்சதைக் குடுத்துட்டு எவன்கிட்டயோ கை நீட்டுவியா?"

இரண்டு பேருமாக நாலு மூட்டையையும் திரும்ப உள்ளே தூக்கி வைத்தார்கள். ஒரு மூட்டை அதிகக் கனமாக இருந்ததால் முன்யாவோவே அதைத் தோளில் ஏற்றிக்கொண்டான்.

சோளத்தைக் காய வைத்து நாற்பது நாள் ஆயிற்று. அன்று மத்தியானம் கடைப் பெஞ்சில் பலகை மட்டும் கிடந்தது. கிதோமேவைக் காலையில் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருந்தார்கள். கண்ணிரண்டும் மஞ்சள், வயிறு பானையாக ஊதிவிட்டது என்றான் கடைக்காரன்.

முன்யாவோ ஓடினான். வீடு வரைக்கும் ஓடினான். முற்றத்தில் நின்று கண் இமையை இரண்டு விரலால் பிளந்து காட்டினான்.

"சியோம்புவா, மஞ்சளா இருக்கா பாரு."

"செவப்பா இருக்கு. ஓடி வந்தீங்கல்ல."

"கனினி எங்க? அவ கண்ணைப் பாரு. வயித்தைத் தொட்டுப் பாரு. அவளைத் தூக்கு, ஆஸ்பத்திரிக்குப் போகணும். நான்தான்டீ எல்லாரையும் கொன்னுட்டேன். கிதோமேவைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க."

அழுதுகொண்டே கழுத்துச் சாவியை அறுத்துக் கதவைத் திறந்தான். மூட்டைகளை வெளியே இழுத்துப் போட்டான். மண்ணெண்ணெய் டப்பாவைத் தூக்கினான். பதினோரு வருஷத்தில் முதல் முறையாக மனைவி சொன்னதைச் செய்யப் போகிறான். சியோம்புவா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கொளுத்தாதீங்க. அது நல்ல சோளம்."

"நல்ல சோளமா? நீதானே சொன்னே நஞ்சுன்னு?"

அவள் உள்ளே போய்ச் சர்க்கரை டப்பாவிலிருந்து ஐந்து சீட்டுகளை எடுத்து வந்து கொடுத்தாள். சீஃப் ஆபீஸ் முத்திரை. இரண்டு மூட்டை பெற்றோம், இரண்டு மூட்டை தந்தோம். ஒவ்வொன்றிலும் அவள் கையெழுத்து.

"எப்போ?"

"நீங்க காய வச்சீங்களே, அந்த அஞ்சு நாளு. நீங்க பெஞ்சுக்குப் போன பிறகு பக்கத்து வீட்டுக் கதுங்கே அக்காவோட கழுதை வண்டி வரும். போகும்போது உங்களோடது, வரும்போது அவங்களோடது. அதே தார்ப்பாயில கொட்டிடுவோம்."

"மஞ்சளா இல்லையே?"

"வெள்ளைதாங்க குடுத்தாங்க. யாரு மஞ்சள்னு சொன்னது?"

முன்யாவோ மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டான். நாற்பது நாளாகத் தன் மண்ணின் ருசி என்று அவன் மெச்சியது அரசாங்கத்துச் சோளம். வெட்டுக்கத்தி வைத்துக் காவல் காத்ததும் அதைத்தான். கனினி முற்றத்தில் ஆட்டுக்குட்டியின் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அவள் கண் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. அதைப் பார்த்ததும் அவனுக்கு வந்த அழுகை வேறு.

"ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"சொன்னா விட்டிருப்பீங்களா?" அவள் குரல் தணிந்தது. "மூணு வருஷம் கழிச்சு உங்க சோத்தை நீங்க சாப்பிடறதா நெனச்சீங்க. முகத்துல ஒரு களை வந்துது. கடைசி வரைக்கும் சொல்லவே கூடாதுன்னுதான் இருந்தேன்."

"அப்போ கிதோமே?"

"அவருதான் குடுத்துட்டாரே. மூட்டையைத் தச்சு வாசல்ல வச்சிருந்ததை நானே கண்ணால பாத்தேன்."

"நான்தான் திரும்ப உள்ள தூக்கி வச்சேன்."

சியோம்புவா வாயில் முந்தானைத் துணியை வைத்து அழுத்திக்கொண்டாள்.

மறுநாள் முன்யாவோ ஆஸ்பத்திரிக்குப் போனான். ஈரல் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று இன்னும் சொல்ல முடியாது என்றாள் நர்ஸ். வரிசையாகக் கட்டில்கள், எல்லாவற்றிலும் மஞ்சள் கண்கள். கிதோமே அவனைப் பார்த்ததும் தலையணையில் கொஞ்சம் நகர்ந்தான்.

"வந்துட்டியா. உனக்கு எந்தப் படுக்கைடா குடுத்தாங்க?"

முன்யாவோ கட்டிலருகே போனான். "நான்... உன்னைப் பாக்க வந்தேன்டா."

"உனக்கு ஒண்ணும் ஆகலையா? என்னோடதைவிட மோசம்னு சொன்னியே. எப்படிடா?"

பொய் ஒன்றும் கைவசம் இல்லை. கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். தார்ப்பாய், கழுதை வண்டி, ஐந்து சீட்டு, ஒன்று விடாமல். பக்கத்துக் கட்டில்காரர்களும் கேட்டார்கள். கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னான். என் பொண்டாட்டி என்னை ஏமாத்திட்டாடா, நான் அதை உனக்குச் சாட்சியாக் காட்டிட்டேன், என்னை மன்னிச்சிடு என்றான்.

கிதோமேவுக்குச் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலி தாங்காமல் பாதியில் நிறுத்தினான்.

"குடுத்து வச்சவன்டா நீ," என்றான். "என் வீட்டுல என்னை ஏமாத்த ஒரு ஆள் இல்லாமப் போச்சு."