கனெக்‌ஷன் பாயும் ஒன்பது நிமிடமும்

பாரிஸில் விமானம் இறங்கியதும் எந்தக் கதவு வழியாக வெளியே வந்தால் ரயில் நிலையத்துக்கு நடை குறைவு, எத்தனையாவது பெட்டியில் ஏறினால் இறங்கும் ஊரில் வாசல் நேர் எதிரே இருக்கும், அவசரத்துக்குக் கழிப்பறை எந்தப் பக்கம் என்பதெல்லாம் மனப்பாடமாகத் தெரிந்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் உண்டு. அவர் பாரிஸில் இல்லை. காரைக்காலில் மார்க்கெட்டுக்குப் பின்பக்கத் தெருவில் பெட்டிகளுக்கு ஜிப் மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். விமானத்தை அவர் அண்ணாந்து பார்த்ததோடு சரி.

ஒரு ரயிலிலிருந்து இறங்கி அடுத்த ரயிலைப் பிடிக்கிற 'கனெக்‌ஷன்' கணக்கெல்லாம் அத்துப்படி என்பதால் அவரை ஊரே கனெக்‌ஷன் பாய் என்றுதான் கூப்பிடும். விமானம் என்ன, பஸ்ஸே அவருக்கு ஆகாது. திருநள்ளாறு போகும் டவுன் பஸ்ஸில் ஏறினால் ஆஸ்பத்திரி நிறுத்தம் தாண்டுவதற்குள் முகம் வெளுத்து, கண்டக்டரே விசில் ஊதி இறக்கிவிட்டுவிடுவார். எங்கே போனாலும் சைக்கிள்தான். சைக்கிள் போகாத ஊருக்கு அவர் போவதில்லை.

வெளிநாடு போகிற வீடுகள் நிறைந்த ஊர் எங்களுடையது. வளைகுடா போகிறவர்கள், பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள், இப்போது படிக்கப் போகிற பிள்ளைகள் என்று யார் கிளம்பினாலும் பெட்டிக்குச் சக்கரம் போட இவரிடம்தான் வந்தாக வேண்டும். அதில் வளைகுடாக்காரர்களை மட்டும் அவர் ஒரு பொருட்டாகவே நினைப்பதில்லை. "எறங்குனா கம்பெனி வேன் வந்து நிக்கும். அதுல ரோசிக்க என்னங்க இருக்கு?" என்று சக்கரத்தை மாட்டி அனுப்பிவிடுவார். யாராவது இறங்கி ரயில் பிடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டால் போதும், ஊசியைக் கீழே வைத்துவிட்டு மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொள்வார்.

கூலியோடு ஒரு நிபந்தனையும் உண்டு. போய்ச் சேர்ந்ததும் அவருடைய கேள்விகளுக்கு வாட்ஸ்அப்பில் பதில் அனுப்ப வேண்டும். படி எத்தனை, லிஃப்ட் உண்டா, கதவு தானாகத் திறந்ததா, பொத்தானை அமுக்கினீர்களா, ஒரு நடைமேடையிலிருந்து அடுத்ததற்குப் பெட்டியோடு எத்தனை நிமிடம். பதில் அனுப்பாதவர்கள் அடுத்த தடவை ஜிப் அறுந்து வந்தால் பாய் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கமாட்டார். இப்படிச் சேர்ந்த விவரங்கள் அவரிடம் பதினோரு நோட்டுகளில் இருக்கின்றன.

பிரெஞ்சு ராணுவத்தில் முப்பது வருஷம் இருந்து பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர், நாங்கள் சொல்தா என்று சொல்கிற வகை, ஒருமுறை பாயிடம் மல்லுக்கு நின்றார். பிரான்சில் அவர் குடியிருக்கும் ஊர் ஸ்டேஷனைப் பற்றியே பாய் அவருக்குப் பாடம் நடத்தியதுதான் காரணம்.

"எங்க ஊரு ஸ்டேஷன்ல வெளிய போற வழி வலது பக்கம்யா. நான் அங்க குடியிருக்கறவன். நீ திருநள்ளாறு தாண்டாதவன்."

"நீங்க இங்க வந்து நாலு மாசமாச்சுங்க. அத அடைச்சிட்டு இடது பக்கம் தொறந்துட்டாங்க. போயிப் பாத்துட்டு ஒரு போன் போடுங்க."

சொல்தா மீசையை முறுக்கிக்கொண்டு போனார். மறுவாரம் அங்கிருந்து போன் வந்தது. "மாத்திட்டானுங்கய்யா," என்றார். அதற்குப் பிறகு அவர் காரைக்காலில் இருந்து கிளம்பும்போதெல்லாம், பெட்டியில் ஒரு குறையும் இல்லாவிட்டாலும், பாய் கடையில் வந்து ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுத்தான் போகிறார்.

இதையெல்லாம் நான் வேடிக்கைக் கதையாகத்தான் அலுவலகத்தில் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன், என் மகள் கயலுக்கு கிரெனோபிள் நகரத்தில் மேல்படிப்புக்கு இடம் கிடைக்கும் வரை. பாரிஸில் இறங்கி, ரயிலில் லியோன் போய், அங்கே வேறு ரயில் மாறி கிரெனோபிள் போக வேண்டும். விமானம் இறங்குவது வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு. விடுதி அலுவலகம் அன்று மாலை ஐந்து மணிக்கு மூடினால் திங்கட்கிழமைதான் திறக்கும். ஐந்துக்குள் போய்ச் சாவி வாங்காவிட்டால், யாரையும் தெரியாத ஊரில் இரண்டு பெட்டிகளோடு என் மகள் மூன்று இரவு எங்கே இருப்பாள்? பக்கத்திலிருக்கும் தலத்தெருவைத் தாண்டினாலே எனக்குப் போன் பண்ணிச் சொல்லுகிற பெண் அவள். நான் சிரிப்பதை நிறுத்திவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாய் கடைக்குப் போனேன்.

பாய் மூன்று தாள் எழுதினார். விமானம் நேரத்துக்கு வந்தால் முதல் தாள். மூன்று மணி நேரம் வரை தாமதமானால் இரண்டாம் தாள். அதற்கும் மேல் என்றால் மூன்றாம் தாள். "பத்து மணி ரயிலே போதுமே பாய், ரெண்டு மணி நேரம் இருக்கே," என்றேன். பாய் என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது.

"ரெண்டு மணி நேரம் உங்களுக்கு இருக்கு சார். பிளேனுக்கு இருக்கணும்ல? டிக்கெட்ட மாத்துற மாதிரி வாங்குங்க. ஞாயித்துக்கெழம காலைல புள்ளையக் கூட்டிக்கிட்டு ஸ்டேஷனுக்கு வாங்க. பொட்டிய நெறைச்சு எடுத்துட்டு வாங்க, வெறும் பொட்டி வேணாம்."

"எந்த ஸ்டேஷனுக்கு?"

"நம்ம காரைக்கால் ஸ்டேஷனுக்குத்தான். ஒத்திகை பாக்க வேணாமா?"

ஒத்திகைக்கு நாங்கள் பதினொரு பேர் போனோம். எங்கள் பக்கத்து வழக்கமே அதுதான். ஒரு ஆள் ரயிலேறினால் ஒரு வேன் ஆள் வழியனுப்ப வரும். ஆளுக்கு ஒரு கை கொடுத்து, பெட்டி தரையில் படாமலே உள்ளே போய்விடும். கயல் பிறந்து இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு பெட்டியைக்கூடத் தன் கையால் ரயிலில் ஏற்றியதில்லை. இது எனக்கு அன்றைக்கு நடைமேடையில் நின்றபோதுதான் உறைத்தது.

பாய் சைக்கிளை நடைமேடைச் சுவரோரம் நிறுத்திவிட்டு வந்தார். ஒரு பெட்டியை வாங்கி அதன் சக்கரங்களைத் திருப்பிப் பார்த்தார், வெளிப்பக்க ஜிப்பைத் திறந்து மூடினார். பணியில் இருந்த ரயில்வே போலீஸ்காரர் எங்களைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு எந்த ஊரு பாய்?" என்று கேட்டார்.

"லியோனுங்க."

"போன வாரம் போனதா?"

"அது ஸ்ட்ராஸ்பூருங்க."

போலீஸ்காரர் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிட்டார். கடைசிப் பெட்டியின் வாசலில் இறங்கி, நின்றிருந்த ரயிலின் நீளம் முழுக்க நடந்து, முதல் பெட்டியில் ஏறி உட்கார வேண்டும். அதுதான் பரீட்சை. இரண்டாம் தாளின்படி லியோனில் ரயில் மாற ஒன்பது நிமிடம்தான் இருந்தது. அந்த ரயில் போய்விட்டால் அடுத்தது கிரெனோபிள் சேர ஐந்து தாண்டிவிடும்.

கயல் இறங்கியதுமே என் மைத்துனன் பாய்ந்து போய் ஒரு பெட்டியைப் பிடித்தான்.

"தொடாதீங்க," என்று பாய் கத்தினார். "லியோனுக்கு நீங்க வருவீங்களா? வருவீங்கன்னா தொடுங்க."

மைத்துனன் கையை எடுத்துவிட்டான். முதல் தடவை பதினாறு நிமிடம் ஆனது. பெட்டி பாதி வழியில் கவிழ்ந்தது, கயல் அழுதாள், ரயிலில் உட்கார்ந்திருந்த நாகூர் பயணிகள் ஜன்னல் வழியாக இலவச யோசனைகள் சொன்னார்கள். பாய் அசரவில்லை. பெட்டியைப் பிளாட்பாரத்திலேயே திறக்கச் சொன்னார். இரண்டு கிலோ புளி வெளியே வந்தது. வடகம், நார்த்தங்காய் ஊறுகாய், பித்தளை இடியாப்ப உழக்கு, கருவாட்டுப் பொட்டலம் எல்லாம் வரிசையாக வெளியே வந்தன. என் மனைவி வசந்தியின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் துணிவில்லை.

"புள்ள அங்க போயி என்னத்தத் திங்கும் பாய்?" என்றாள் வசந்தி.

"ரயில்ல ஏறுனாத்தான தங்கச்சி திங்கறதப் பத்தி ரோசிக்கலாம்."

மூன்றாவது தடவை கயல் எட்டு நிமிடத்தில் ஏறிவிட்டாள். "நம்மூரு ரயில் பொட்டிக்குப் படி ஒசரம். இதுல ஏறுனவங்க எதுலயும் ஏறிடுவாங்க," என்று பாய் அவளுக்குச் சான்றிதழ் வழங்கினார். எட்டு நிமிடமும் அவர் சைக்கிள் ஹேண்டில்பாரை இறுகப் பிடித்தபடி நின்றார் என்பதை நான் கவனித்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. விமானம் இரண்டே முக்கால் மணி நேரம் தாமதம். முதல் தாள் செத்துப்போனது. எங்கள் கடிகாரத்தில் மதியம் இரண்டேகாலுக்குக் கயல் "இறங்கிட்டேன்" என்று செய்தி அனுப்பியபோது, வாசலில் சைக்கிள் மணி கேட்டது. ஜும்மா தொழுகை முடிந்த கையோடு, தலையில் தொப்பியோடு, பாய் வந்து நின்றார். நான் கூப்பிடவே இல்லை.

"ரெண்டாம் தாள எடுக்கச் சொல்லுங்க," என்றபடி உள்ளே வந்து உட்கார்ந்தார். தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

அதிலிருந்து ஆறு மணி நேரம் அந்த மனிதர் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து பிரான்ஸ் தேசத்து ரயில்வேயை நடத்தினார். கயல் இன்ன கதவில் வெளியே வருவாள் என்றார், வந்தாள். இப்போது டிக்கெட் மாற்றுமிடத்தில் நிற்பாள் என்றார், நின்றாள். "இப்ப ஒரு சுரங்கம் வரும், போன் கெடைக்காது, பயப்படாதீங்க," என்றார். போன் கிடைக்கவில்லை, நாங்கள் பயப்பட்டோம், திரும்பக் கிடைத்தது. சாமியாடிகளிடம் குறி கேட்கிற கூட்டத்தைக் கிண்டல் செய்கிறவன் நான். அன்று அவர் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

லியோனுக்குக் கொஞ்சம் முன்னால் செய்தி வந்தது. ரயில் இரண்டு நிமிடம் தாமதம். ஒன்பது நிமிடம் ஏழாகிவிட்டது.

"பத்து நிமிஷம் முன்னாடியே கதவுகிட்ட போயி நிக்கச் சொல்லுங்க. எறங்குனதும் போர்டப் பாத்துக்கிட்டு நிக்க வேணாம், இடது கைப்பக்கம் சரிவு இருக்கு, நேரா எறங்கட்டும்," என்றார் பாய். நான் அப்படியே அனுப்பினேன். அதற்குப் பிறகு பதில் இல்லை.

ஐந்து நிமிடம் போனது. பத்து நிமிடம் போனது. அப்போதுதான் வசந்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"நான்தாங்க கெடுத்துட்டேன். கெளம்புன அன்னிக்குக் காலைல அந்தப் புளி, உழக்கு எல்லாத்தையும் திரும்ப உள்ள வச்சுட்டேன். மனசு கேக்கல."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. அதற்குள் பாய் கையைக் காட்டி என்னை அடக்கினார்.

"எனக்குத் தெரியும் தங்கச்சி. அழுவாதீங்க. ஒத்திகை அன்னிக்கு பொட்டியோட வெளி ஜிப்புல அஞ்சு கிலோ எடைக்கல்லு ஒண்ண நான் வச்சிருந்தேன். சக்கரம் பாக்கற மாதிரி வச்சு, அப்பறமா எடுத்துட்டேன். எடுத்தத எடுத்தபடி விட்ட அம்மாவ நான் இதுவரைக்கும் பாத்ததே இல்ல. புள்ள உங்க புளியோட சேத்துத்தான் எட்டு நிமிஷத்துல ஏறிச்சு."

வசந்தி அழுகையை நிறுத்திவிட்டு அவரை அப்படியே பார்த்தாள். நானும்தான். ஆனால் கயலுக்கு இருந்தது எட்டு அல்ல, ஏழு. பதினேழாவது நிமிடத்தில் போன் அடித்தது. மூச்சு வாங்குகிற சத்தம்தான் முதலில் கேட்டது.

"அப்பா, ஏறிட்டேன்ப்பா. உக்காந்துட்டேன். ஏறுனதும் கதவ மூடிட்டாங்க."

"அல்ஹம்துலில்லா," என்றார் பாய். பிறகு போனை என்னிடமிருந்து வாங்கி, "பாப்பா, அந்தச் சரிவுல கைப்பிடி எந்தப் பக்கம் இருந்திச்சு?" என்று கேட்டு, பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார்.

விடுதி அலுவலகம் மூடுவதற்கு இருபது நிமிடம் முன்னால் சாவியின் படத்தைக் கயல் அனுப்பினாள். வசந்தி காபி போட உள்ளே ஓடினாள். பாய் வேண்டாம் என்று எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். நன்றி சொல்லலாம் என்று பின்னாலேயே போனேன். அவர் குனிந்து சைக்கிள் பூட்டில் சாவியைப் போட்டுக்கொண்டிருந்தார். சாவி உள்ளே போகவில்லை. இரண்டு தடவை கைதவறிக் கீழே விழுந்தது.

"ஒவ்வொரு தடவையும் இப்புடித்தான் சார்," என்றார், என்னைப் பார்க்காமல். "எழுதிக் குடுக்கறது என் கையில இருக்கு. ஓடுறது புள்ளைங்க கையிலதான இருக்கு."

சாவியை வாங்கி நான் பூட்டைத் திறந்து கொடுத்தேன். சென்னையில் மகளை வழியனுப்பியபோது வராத அழுகை எனக்கு அப்போது வந்துவிட்டது. அந்த ஆறு மணி நேரமும் எங்கள் வீட்டில் என்னைவிட அதிகமாகப் பயந்துகொண்டிருந்தவர் அவர்தான். நாங்கள் பயப்படக்கூடாது என்பதற்காக அதை ஒரு நிமிடம்கூட வெளியே காட்டாமல் உட்கார்ந்திருந்தார்.