மாமிட கைக்கடிகாரமும் ஜித்தா சூரியனும்

மாமிய மக்காவுல உம்றா வணக்கம் செய்ய ஜித்தா வரைக்கும் பிளேன்ல கூட்டிப் போகணும். வேலை அவ்வளவுதான்.

மாமி எண்டா என்ட பொஞ்சாதிட உம்மா. மஹ்ரமா, நெருங்கின ஆம்புளைச் சொந்தமாத் துணைக்குப் போக மருமகன் நான்தான் இரிக்கன். அதோட நான் கல்முனைப் பள்ளிக்கூடத்துல கணக்கு சேர். "எங்கட மருமகன் கணக்குல பிழை விடவே மாட்டார்" எண்டு மாமி எங்கட ஊர் சாய்ந்தமருது முழுக்கச் சொல்லி வெச்சிருக்கா.

வெளிக்கிட முதல் மாமி கேட்டா, "மருமகன், பிளேன் எவ்வளவு நேரம் பறக்கும்? ரமழான் மாசம், நான் நோம்போடதான் போவன்."

டிக்கெட்டப் பார்த்தன். பகல் ஒண்டரைக்குக் கிளம்பும், அஞ்சுக்கு இறங்கும்.

"மூண்டரை மணித்தியாலம், மாமி. இறங்கிக் கொஞ்சம் களைப்பாற, நோம்பு தொறக்கிற நேரம் வந்திரும்."

"அட, நம்மட ஊர்ல இருந்து கொழும்புக்குப் போறதுல பாதிகூட இல்லியே!"

கட்டுநாயக்கா ஏர்போட்டுலயே மாமி இஹ்ராம் நிய்யத்தும் வெச்சிட்டா; உம்றா முடியும் வரைக்கும் அந்தக் கட்டுப்பாட்டுலதான் இரிக்கணும்.

பிளேன்லயும் மாமிட கைக்கடிகாரம் ஊர் நேரத்துல ஓடுது. அதுல அஞ்சு மணி. கீழ பார்த்தா கடல் மட்டும்தான்.

"மருமகன், இன்னும் இறங்கல்லியே?"

"எதிர்க்காத்து, மாமி." வாய்க்கு வந்தத அடிச்சு விட்டன்.

ஆறு இருபது. ஊர்ல நோம்பு தொறக்கப் பாங்கு சொல்ற நேரம். மாமி பேரீச்சம்பழத்தக் கையில எடுத்திட்டா. ஜன்னல் மூடியத் தொறந்தன். சூரியன் கண்ணக் குத்துது!

"இதென்ன மருமகன், பின்னேரம் அசர் தொழுகை நேரத்து வெயில் மாதிரி இரிக்கி?"

பக்கத்துச் சீட்டுல இருந்த நானா, அண்ணன் வயசு மனிசர், மாமியப் பார்த்துச் சிரிச்சார். "ராத்தா, நாம மேற்கால போறம், சூரியனும் மேற்காலதான் போகுது. ஜித்தா நேரம் நமக்கு ரெண்டரை மணித்தியாலம் பிந்தித்தான். மொத்தம் ஆறு மணித்தியாலம் பறக்கணும்."

ஆறா! டிக்கெட்டுல இருந்த அஞ்சு மணி, ஜித்தா அஞ்சு மணி. நான் அத ஊர் நேரம் எண்டு நினைச்சுக் கழிச்சிருக்கன். போன கிழமைதான் தரம் பத்துப் பிள்ளைகளுக்கு நேர வித்தியாசம் படிப்பிச்சன். மானம் போச்சு!

"பயணத்துல நோம்ப விடலாம், ராத்தா," எண்டார் நானா.

"ஓம், தெரியும். ஆனா விடிய முதல் எழும்பி சஹர் செஞ்சு புடிச்ச நோம்பு, விடமாட்டன்."

பேரீச்சம்பழம் திரும்பப் பைக்குள்ள போச்சு. மாமியே விடாத நோம்ப மருமகன் விடுறதா? எனக்கும் தொண்டை காஞ்சு கெடந்தது.

மாமி என்னப் பார்த்தா. வாயத் தொறந்தா. மூடினா.

"இஹ்ராம்ல இரிக்கன். சண்டை புடிக்கக் கூடாது," எண்டா.

அல்ஹம்துலில்லாஹ்!

ஜித்தாவுல இறங்கி, நோம்பு தொறந்து, மக்கா போய், சுத்தி வார தவாபும், ரெண்டு குன்றுக்கு இடையில நடக்கிற ஸஃயும் முடிச்சம். மாமி ஒரு சொல்லுக் கதைக்கல்ல. எனக்கெண்டா ஒவ்வொரு சுத்துக்கும் பயம் கூடிச்சு. உம்றா முடிஞ்சா இஹ்ராம் கழண்டுரும். பிறகு என்னக் காப்பாத்த என்ன இரிக்கி?

கடைசியா மாமி முடியில கொஞ்சம் வெட்டினா, இஹ்ராம் முடிஞ்சுது. கத்தரிக்கோலக் கீழ வெச்சா. மெல்ல என்ட பக்கம் திரும்பினா.

"கணக்கு சேர் எண்டுதானே மருமகன், எங்கட புள்ளய உங்களுக்குத்..."

"மாமி, கையோட இன்னொரு உம்றாவுக்கு இஹ்ராம் நிய்யத் வெப்பமா?"