பதினாலாம் நம்பர் வராத ஞாயிறு

தையல்காரம்மா ஒரு முடிவெடுத்தாள். இனி ஞாயிறுதோறும் பஸ் ஏறி ஊருக்கு வெளியே போய், வயலும் வாய்க்காலுமாக நடந்துவிட்டு வருவது. அவள் கணவரும் அதே நிமிஷத்தில் ஒரு முடிவெடுத்தார். எப்படியாவது நடக்காமல் தப்பிப்பது.

அவர் பஸ் டிப்போவில் முப்பத்தோரு வருஷம் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் இன்னும் அவருக்கு அதுதான் பெயர். எந்த பஸ் எந்த நிறுத்தத்தை எத்தனை மணிக்குத் தொடும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். எழுப்புவதுதான் கஷ்டம். இந்த இரண்டு வருஷத்தில் அவர் பேன்ட்டுகளின் இடுப்பை மனைவி மூன்று முறை பிரித்துத் தைத்துவிட்டாள். நான்காவது முறைக்கு உள்ளே துணி இல்லை.

போன மாதம் மாடிப்படி ஏறும்போது அவருக்கு நெஞ்சை ஒரு பிடி பிடித்தது. வீட்டில் சொல்லாமல் டாக்டரிடம் போனார். இப்போதைக்கு ஒன்றுமில்லை, ஆனால் தினமும் நடந்தே ஆகவேண்டும் என்று டாக்டர் ஒரு தாளில் எழுதி, அடிக்கோடும் போட்டுக் கொடுத்தார். அதை நாலாக மடித்துப் பின் பாக்கெட்டில் வைத்தவர், அதோடு மறந்துபோகப் பார்த்தார். சொன்னால் அவள் பயப்படுவாள் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டார். உண்மையில் பயந்தது அவர்தான். நடக்கப் போய், நடுவழியில் அந்தப் பிடி மறுபடி வந்தால்?

இந்த நேரம் பார்த்துத்தான் மனைவிக்கு முட்டிவலி வந்தது. நாள் முழுக்க மெஷின் மிதிக்கிற கால் என்று அவரும் நம்பினார். மண் பாதையில் நடந்தால் சரியாகும், ஆனால் தனியாகப் போகக்கூடாது என்று டாக்டர் சொன்னதாக அவள் சொன்னாள்.

"இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்றார்.

"நடந்தா நடக்கும்" என்றாள், ஊசியில் நூல் கோத்தபடி.

மறுக்க வழியில்லை. ஆனால் தொழில் கை கொடுத்தது. ஒன்பதாம் நம்பரில் போய்ப் பழைய ஆலை நிறுத்தத்தில் இறங்குவது. வயலைக் குறுக்கே கடந்தால் பன்னிரண்டே நிமிஷத்தில் அடுத்த சாலை. அங்கே பத்து நாற்பதுக்குப் பதினாலாம் நம்பர் திரும்பும். பதினொன்றரைக்கு வீடு, நாற்காலி.

முதல் ஞாயிறு திட்டம் பிசகவில்லை. இவ்வளவுதானா நடை என்று அவள் கேட்டதற்கு, வயல்வெளியில் தூரம் தெரியாது, மூன்று மைல் வந்திருக்கிறோம் என்று கூசாமல் சொன்னார். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். அவள் அப்படித் தலையாட்டிய அன்றே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

இரண்டாவது ஞாயிறு பத்து நாற்பது ஆயிற்று. பஸ் வரவில்லை. நாலு நிமிஷத்தில் வந்துவிடும் என்றார். அதையே ஏழு முறை சொன்னார். கடைசியில்தான் கம்பத்தில் ஒட்டியிருந்த தாளைப் படித்தார். பதினாலாம் நம்பர் இனி ஞாயிறு ஓடாது. வந்த ஒன்பதாம் நம்பரும் சாயங்காலம்தான் திரும்பும். அடுத்த பஸ், வாய்க்கால் கரையோடு போனால் ஏழு கிலோமீட்டரில் இருக்கும் சந்தை மேட்டிலிருந்து. கீழே கையெழுத்துப் போட்டிருந்தது, அவரே தொழில் கற்றுக்கொடுத்த பையன்.

"இந்த முட்டியோட ஏழு கிலோமீட்டரா?" என்று அவளுக்காகக் கவலைப்பட்டார்.

"மெதுவா போகலாம். நீங்க கூட இருக்கீங்கல்ல" என்றாள்.

அவள் பையையும் வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். வாய்க்கால் கரையில் முதல் கிலோமீட்டர் முழுக்கச் சட்டைப் பொத்தானைச் சரிசெய்வதுபோல் ஒரு கையை நெஞ்சிலேயே வைத்திருந்தார். இரண்டாவதில் கை தானாக இறங்கியது. அவள் விந்தி விந்தி வர, அவளுக்காக நின்று நின்று போனார். ஒரு வாத்து தன் ஆறு குஞ்சுகளைப் பின்னால் இழுத்துக்கொண்டு தண்ணீரில் போனது. ஒரு குஞ்சு தினமும் தாமதமாக வரும் டிரைவர்போல் தனியாகப் பின்தங்கி வந்தது. அதற்கு இன்னும் இரண்டு நிமிஷம் கொடுக்கலாம் என்று அவர் சொல்ல, அவள் சிரித்தாள். இருநூற்றுச் சொச்சம் நிறுத்தங்களின் பெயரும் அவருக்கு அத்துப்படி. அவற்றில் ஒன்றின் பின்னாலும் என்ன இருக்கிறது என்று இதுவரை எட்டிப் பார்த்ததில்லை.

மதகின் மேல் உட்கார்ந்து ரொட்டியும் அவித்த முட்டையும் சாப்பிட்டார்கள். எழுந்து நடந்தபோதுதான் அவர் கவனித்தார். அதுவரை இடதுகாலை விந்தியவள், இப்போது வலதுகாலை விந்தினாள்.

கொஞ்ச தூரம் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, வலி எந்த முட்டியில் என்று கேட்டார்.

அவள் நின்றாள். விந்துவதையும் நிறுத்தினாள்.

"எந்த முட்டியிலயும் இல்ல. உங்க பேன்ட்டைப் பிரிக்கிறப்ப பின் பாக்கெட்ல அந்தத் தாள் கெடச்சுது. அன்னிக்கு ரெண்டு சட்டையைத் தப்பா வெட்டினேன்."

இத்தனை வருஷத்தில் அவள் கத்தரி பிசகி அவர் பார்த்ததில்லை. உன்னிடம் சொல்லக்கூடாது என்றில்லை, பயமாக இருந்தது என்றார். எனக்கும்தான் என்றாள் அவள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கடைசியாகக் கல்யாணமான புதிதில் சாலை கடக்கும்போது பிடித்தது.

நடக்க ஆரம்பித்ததும் அவருக்கு இழந்த மானத்தை மீட்கும் ஆசை வந்தது. கால் மாறியதை நான் கண்டுபிடித்துவிட்டேன் பார்த்தாயா, நடிப்பு போதாது என்றார்.

"கண்டுபிடிக்கணும்னுதான் மாத்தினேன். எவ்வளவு நேரம் நொண்டறது? இன்னும் மூணு கிலோமீட்டர் இருக்கு."

அப்படியானால் பதினாலாம் நம்பர் விஷயமும் தெரியுமா என்று மெல்லக் கேட்டார். புதன்கிழமை நூல் வாங்கப் போனவள், டிப்போவில் நுழைந்து விசாரித்துவிட்டுத்தான் வந்தாளாம். அந்தப் பையன் டீ வாங்கிக் கொடுத்து, ஞாயிறு பஸ் இல்லாத சாலைகளையெல்லாம் வரிசையாக எழுதியே கொடுத்தானாம். வரிசை பெரியது, இந்த வருஷம் முழுக்கப் போதும் என்றாள்.

சந்தை மேட்டில் பஸ் தயாராக நின்றது. நெஞ்சு ஒன்றும் சொல்லவில்லை. கால்தான் ஆயிரம் சொன்னது. ஜன்னல் ஓரம் சாய்ந்து, ஏழு கிலோமீட்டரை முடித்த வீரனின் களைப்போடு கண்ணை மூடினார். வீடு நெருங்கும்போது மணி அடித்தது. கண் திறந்தால் மனைவி படியருகே நிற்கிறாள்.

"நம்ம நிறுத்தம் இதில்ல. இன்னும் ரெண்டு இருக்கு" என்றார், அதிகாரத்தோடு.

"தெரியும்" என்று சொல்லி இறங்கிவிட்டாள்.

அவர் இறங்கி நின்று, போகிற பஸ்ஸைப் பார்த்தார். பிறகு ஆற்றுப்பாலத்தில் கை வீசிப் போய்க்கொண்டிருந்தவளைப் பார்த்தார். இரண்டு பைகளும் இன்னும் அவர் தோளில்தான் இருந்தன.